தலையாட்டிய கதை

புத்தகங்களில் கறுப்படிப்பது நேட்டாவின் வேலை. ப்ளூமென்தால் சபைப் பள்ளிக்கூடத்தின் நிலவறையில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று பெண்கள் கூடுவார்கள். நகரத்துப் பழைய புத்தகக் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்குவதை ஒரு வரி விடாமல் படித்து, பிள்ளைகள் மனதுக்கு ஆகாததை எடுத்துவிட வேண்டும். கெட்ட வார்த்தைக்குக் கறுப்பு மை. ஆகாத படத்துக்குப் பழுப்புத் தாளும் பசையும். பக்கமே ஆகாதென்றால் பிளேடு, முழுப் புத்தகமும் ஆகாதென்றால் அடுப்பு. கடைசியில் அட்டையின் உள்பக்கம் முத்திரை குத்தி, படித்தவள் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவாள். அந்த எழுத்து விழாத புத்தகத்தை எந்தப் பிள்ளையும் தொடாது. நூலகத்தில் பாதிப் புத்தகங்களில் நேட்டாவின் எழுத்துதான் இருந்தது. பதினோரு வருடமாகச் செய்கிறாள்.

விதைக் கோதுமையில் காட்டுக் கடுகு ஒன்று கலந்தாலும் திரும்பத் திரும்பச் சலிக்கிற சனம் அது. பிள்ளைகளின் தலைக்குள் போவதைச் சலிக்காமல் விடுமா? நிலவறைச் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. மனம் எவற்றை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அப்போஸ்தலர் சொன்ன வரிசை அதில் இருந்தது. உண்மையானது, ஒழுக்கமானது, நீதியானது, தூயது, அன்பானது, நற்பெயர் உள்ளது. சந்தேகம் வந்தால் அட்டையை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மூவரில் மூத்தவள் தீனா. அறுபது வயது, கல்யாணம் ஆகாதவள், முந்நூறு கோழி வளர்ப்பவள். அடுத்தவள் லீஸ்பெத், போதகர் கிளாஸின் மனைவி. இளையவள் முப்பத்தெட்டு வயது நேட்டா. செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து விதவை.

இப்போது நவம்பர். ஜன்னலுக்கு வெளியே பனி தரையோடு தரையாகப் பறந்துகொண்டிருந்தது. தீனா ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் இருந்த கல் சிலைக்குப் பேனாவால் கால்சட்டை வரைந்துகொண்டிருந்தாள்.

"இடுப்பு கொஞ்சம் தளர்வா வந்துருச்சு," என்றாள். "அறுபது வருஷத்துல ஒரு ஆம்பிளைக்கு நான் தைக்கிற முதல் கால்சட்டை. பிடிச்சா போட்டுக்கட்டும், பிடிக்கலேன்னா வேற வீடு பாக்கட்டும்."

லீஸ்பெத் சிரித்தாள். நேட்டாவும் வாயைச் சிரிப்பது போல வைத்துக்கொண்டாள். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்பது அவளுக்கு மறக்கவில்லை. உள்ளே மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அழுகை வரவில்லை. பசி வரவில்லை. காபி குடித்தால் சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. ஒரு பக்கத்தை நான்கு முறை படித்துவிட்டு, படித்தது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். கறுப்படிப்பது மட்டும் கை தானாகச் செய்தது.

"நேட்டா, இதைப் பாரேன்," என்று லீஸ்பெத் பையிலிருந்து நூல் கட்டிய ஒரு புத்தகக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். கிறிஸ்துமஸ் சிறுநூல். வருடா வருடம் சபை மனிதர்களின் சாட்சிகளைப் பள்ளிக்கூடமே அச்சடித்து, நிகழ்ச்சியன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும். கட்டுக்கதை ஒன்றும் கிடையாது, நடந்தது மட்டுமே. நாற்பது பிரதி.

"முதல் சாட்சி உன் வீட்டுக்காரருது. நான்தான் எழுதுனேன். மூணு வாரம். எழுதும்போதே கண்ணு நிறைஞ்சு போச்சு எனக்கு."

நேட்டா படித்தாள். இரண்டு பக்கம். இஸ்பிராண்ட் தானியக் குதிரின் உச்சியிலிருந்து விழுகிறான். மனைவி ஓடி வந்து தலையை மடியில் ஏந்துகிறாள். அவன் வானத்தைப் பார்த்து, "நான் ஆண்டவரோடு ஒப்புரவாகிவிட்டேன். சமாதானமாகப் போகிறேன். வெளிச்சம் தெரிகிறது. நம் மகளை உலகத்தின் சத்தத்துக்கு விலக்கிக் காப்பாற்று" என்கிறான்.

ஒப்புரவும் சமாதானமும் எங்கிருந்து வந்தன என்று அவளுக்குத் தெரியும். வெளிச்சமும் உலகத்தின் சத்தமும் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. பாலில் ஒரு சொட்டு மோர் விழுந்தால் போதும், மிச்சத்தைப் பாலே பார்த்துக்கொள்ளும்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"ஜஸ்டினாவே வாசிக்கட்டும்னு டீச்சர் சொல்றாங்க. அப்பாவோட சாட்சியை மக வாசிச்சா அதுக்கு ஒரு பலம் இருக்கும்ல. நீ வீட்டுக்குக் கொண்டுபோ. நிதானமா படிச்சு எழுத்தைப் போட்டுக் குடு."

"அவ புருஷன் செத்த கதைக்கு அவளே முத்திரை குத்தணுமா?" என்றாள் தீனா. "குடு இங்க, நான் குத்துறேன். நான் கல்நெஞ்சக்காரி."

"அவ பாத்தாத்தான் சரி. கடைசி நேரத்துல கூட இருந்தவ அவதான?"

நேட்டா அதற்கும் தலையாட்டினாள்.

தலையாட்டியதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். நடந்தது இவ்வளவுதான். இஸ்பிராண்டின் பிக்கப் வண்டியில் ரேடியோ இருந்தது. வண்டி வாங்கியதும் ரேடியோவைக் கழற்றிவிட வேண்டும் என்பது சபையின் ஒழுங்கு. அவன் கழற்றவில்லை. வசந்தகாலத் திருவிருந்துக்கு முன்னால் மூப்பர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். பிளம் பழ சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்கள். "நான் பாட்டா கேக்குறேன்? வானிலை கேக்குறேன்," என்றான் இஸ்பிராண்ட். "காத்து எந்தப் பக்கம் வீசும்னு சொல்றவன் பிசாசா?" வானிலைக்குப் பின்னாலேயே பாட்டு வரும், பாட்டுக்குப் பின்னால் மற்றதெல்லாம் வரும் என்றார்கள். அறுவடை முடியட்டும், கழற்றுகிறேன் என்றான். முடியும்வரை திருவிருந்தில் சேராதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விருந்தன்று அப்பமும் கிண்ணமும் அவனைத் தாண்டிப் போயின. அவன் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அறுவடை முடியவில்லை. அதற்குள் ஏணிப்படி ஒன்று ஒடிந்தது.

அவன் விழுந்தபோது அருகில் இருந்தது பதின்மூன்று வயது ஜஸ்டினா. அவள் கத்தியதைக் கேட்டு நேட்டா அடுக்களையிலிருந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு வெளியே ஓடினாள். கணவன் பிக்கப்புக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான், கண் திறந்திருந்தது. "அசைக்காத, பக்கத்துலயே இரு," என்று மகளிடம் சொல்லிவிட்டு, அறுத்த வயலுக்குக் குறுக்கே ரோட்டைப் பார்த்து ஓடினாள். அந்தப் பக்கத்து ரோடுகளுக்குப் பெயர் கிடையாது. யாராவது நின்று கையைக் காட்டாவிட்டால் ஆம்புலன்ஸ் நேரே போய்விடும். அது வர நாற்பது நிமிடம் ஆனது. அவள் ரோட்டில் நாற்பது நிமிடம் நின்றாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போதகர் கிளாஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டார். "கடைசியில ஆண்டவரை நெனைச்சாராம்மா?" அவள் தலையாட்டினாள். "ஒப்புரவாகி, சமாதானமா போனாரா?" மறுபடி தலையாட்டினாள். இல்லை என்று சொல்ல வாய் வேண்டும், ஆம் என்பதற்குத் தலை போதும். திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டவனாகவே அவனைப் புதைப்பார்கள் என்ற பயமும் இருந்தது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேவனுக்கு ஸ்தோத்திரம்," என்றார். அடக்க ஆராதனையில் நானூறு பேர் முன்னால் அதைச் சொன்னார். சனத்துக்கு மூச்சு வந்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜஸ்டினா தலையைத் திருப்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப்பின் அந்தப் பெண் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் பதில், கேட்காவிட்டால் இல்லை. ஜெபத்துக்குத் தலையைக் குனிவாள், கண்ணை மூட மாட்டாள். முன்பு பால் கறக்கும்போதெல்லாம் வாய் ஓயாதவள். இப்போது வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், சத்தம் மட்டும் இல்லை. புருஷன் போனான், மகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நேட்டாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை நீளவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. தொழுவத்தில் நான்கு மாடு. தாய் இரண்டு, மகள் இரண்டு. மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு கறந்தால் சூடாக இருக்கும். கறந்து, வடிகட்டி, குளிரவைத்து, உள்ளே வந்து உருளைக்கிழங்கு வறுவலும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டு நேட்டா சிறுநூலை எடுத்து வைத்தாள்.

"டீச்சர் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"வாசிச்சுப் பாத்தியா?"

"மத்தியானம் மேசையில கெடந்துச்சு, பாத்தேன்."

"எப்ப வாசிக்கணுமாம்?"

"நான் வாசிக்க மாட்டேன்."

நேட்டா ரொட்டித் துணுக்குகளை விரலால் கூட்டிச் சேர்த்தாள். "ஏன்?"

"உனக்கே தெரியும்."

"எல்லாரும் எதிர்பார்க்குறாங்க, ஜஸ்டினா. லீஸ்பெத் அக்கா மூணு வாரம்..."

"மடியில ஏந்துனாங்கன்னு போட்டிருக்கு. யாரு மடி?"

நேட்டா சேர்த்த துணுக்குகளை உள்ளங்கையில் அள்ளினாள்.

"வேணும்னா அந்த ஒரு பத்திய மட்டும் விட்டுட்டு வாசி," என்றாள் நேட்டா. "விழுந்தாரு, செத்தாருன்னு வாசி. போதும்."

"நீ கறுப்படிச்சுக் குடுத்துரு. உனக்குத்தான் வரும்ல அது." அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். துடைத்தாள். அடுக்கினாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "போன வருஷம் ஒரு கதைப் புத்தகத்துல நாய் செத்துப் பொழைச்சு வருது. அது பொய்யி, பிள்ளைங்க மனசு கெட்டுரும்னு அடுப்புல போட்ட. நான் அழுதேன். அப்ப என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"பொய்யி நல்லா இருந்தாலும் பொய்யிதான்னு சொன்ன."

நேட்டாவுக்கு அது நினைவில் இல்லை. சொல்லியிருப்பாள். அவள் சொல்லக்கூடியதுதான். அவளுக்கு வெட்கம் வர வேண்டிய இடம் அது. வந்ததா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. பேனாவை எடுத்து அட்டையின் உள்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுத்தைப் போடாமல் எழுந்து அடுப்புக்கு விறகு போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை நேட்டாவின் வீட்டில் பன்றி அடிப்பு. விதவை வீட்டுப் பன்றியை ஊரே வந்து அடித்துக் கொடுப்பது வழக்கம். அன்று பள்ளிக்கூடத்துக்கும் பாதி பிள்ளைகள் போக மாட்டார்கள். விடிவதற்குள் முற்றத்தில் நான்கு வண்டிகள் நின்றன. குளிர் மைனஸ் இருபது. ஆண்கள் இரண்டு பன்றிகளை அடித்து, கொதிநீர் ஊற்றி மயிர் சுரண்டி, ஏணியில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். ஆவி கூரைவரை எழுந்தது. போதகர் கிளாஸும் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டுச் சுரண்டினார். அவர் கத்தி போடுவதில் கெட்டிக்காரர்.

பெண்களுக்கு, வீட்டுக்கு வெளியே தனியாக நின்ற கோடைக்கால அடுக்களை. வெதுவெதுப்பான நீர்த் தொட்டியைச் சுற்றி நேட்டாவும் லீஸ்பெத்தும் தீனாவும் உட்கார்ந்து குடல் சுத்தம் செய்தார்கள். குடலை உள்வெளியாகத் திருப்பி, பலகையில் வைத்து, கத்தியின் முதுகால் வழித்து வழித்துக் கண்ணாடிபோல் ஆக்க வேண்டும். கிழிந்தால் அதில் இறைச்சி அடைத்துச் செய்கிற சாசேஜ் நிற்காது. இன்னொரு மூலையில் ஜஸ்டினா அரைக்கும் எந்திரத்தின் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பெரிய இரும்பு அண்டாவில் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது.

"இந்தப் பன்னி நல்லா தின்னுருக்கு," என்றாள் தீனா. "குடலைப் பாரு, ஊரைச் சுத்தி வேலி கட்டலாம் போல."

"இஸ்பிராண்ட் கையால தீனி போட்டது," என்றாள் லீஸ்பெத். "குட்டியா இருக்கும்போது வாங்கிட்டு வந்தாரு. பாவம், தின்னக் குடுத்து வைக்கல."

"பன்னிக்கும்தான் குடுத்து வைக்கல."

"சும்மா இருங்க தீனா அக்கா."

தீனா அடுத்த குடலைத் தொட்டியிலிருந்து எடுத்தாள். அப்புறம் லீஸ்பெத் கேட்டாள். "நேட்டா, அந்தச் சிறுநூல் என்னாச்சு? எழுத்துப் போட்டியா? டீச்சர் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"இன்னும் இல்லக்கா."

"பரவால்ல, பரவால்ல. மனசு கஷ்டமா இருக்கும்." அவள் திரும்பி ஜஸ்டினாவைப் பார்த்தாள். "ஏம்மா, நீ மனப்பாடம் பண்ணிட்டியா? அந்தக் கடைசிப் பத்திய மட்டும் ஒருதடவை சொல்லேன், கேப்போம். அப்பா சொன்ன வார்த்தை. இந்த மாதிரி வேலை செய்யும்போது காதுல விழ வேண்டியது அதுதான்."

ஜஸ்டினா பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். இறைச்சி புழுப்புழுவாக வந்து பாத்திரத்தில் விழுந்தது.

"கூச்சப்படாத. நாங்கதான இருக்கோம்."

சுற்று நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அடக்க ஆராதனையில் பார்த்த அதே பார்வை. இப்போது வாயைத் திறந்து ஒப்பிப்பாள், அல்லது எழுந்து போவாள். இரண்டில் எதைச் செய்தாலும் இனி இந்தப் பெண் தனக்கு இல்லை என்று நேட்டாவுக்கு விளங்கியது. கையில் இருந்த குடலைப் பலகையில் வைத்தாள்.

"அவகிட்டக் கேக்காதீங்கக்கா," என்றாள். "அவரு அப்படிச் சொல்லல."

"எப்படி?"

"நான் அங்க இல்ல. மடியில ஏந்தல. ரோட்டுல நின்னேன். நான் வந்தப்ப அவரு போயாச்சு."

லீஸ்பெத்தின் கத்தி அப்படியே நின்றது. "ஆஸ்பத்திரியில நீ சொன்னியே."

"நான் சொல்லல. தலையாட்டினேன்."

"ஏன்?"

"தெரியலக்கா. கேட்டாரு. ஆட்டினேன்."

அண்டாவில் கொழுப்பு குமிழிட்டது. அதைக் கிண்ட வேண்டும் என்று மூவருக்கும் தெரியும், யாரும் எழவில்லை.

"நானூறு பேரு கேட்டாங்க நேட்டா," என்றாள் லீஸ்பெத். அவள் கோபப்படவில்லை, பயந்துபோயிருந்தாள். "போதகர் பிரசங்கம் பண்ணாரு. நான் எழுதியிருக்கேன். அதைக் கேட்டு ரெண்டு வாலிபப் பசங்க வண்டியிலருந்து ரேடியோவைக் கழட்டிட்டு வந்து குடுத்தாங்க. நீயும் குடுத்த, அடக்கம் முடிஞ்ச மறுநாளே. இப்ப அது பொய்யின்னா?"

"பொய்யிதான்."

"அப்ப அவரு எந்த நிலையில போனாரு? எங்க போனாரு?" அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அதையாவது யோசிச்சியா? நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

"எனக்குத் தெரியாதுக்கா. அவரு என்ன சொன்னாருன்னே எனக்குத் தெரியாது. இவதான் கூட இருந்தா. இவகிட்ட யாரும் கேக்கல. நானும் கேக்கல."

மூன்று பேரும் ஜஸ்டினாவைப் பார்த்தார்கள். அந்தப் பெண் கையை உடுப்பில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"சொல்லும்மா," என்றாள் தீனா. "சொல்லணும்னா சொல்லு. வேண்டாம்னா அரைக்கிற வேலையைப் பாரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"ரேடியோ போடச் சொன்னாரு."

லீஸ்பெத் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வண்டிக் கதவு தெறந்துதான் இருந்துச்சு. பன்னெண்டரை வானிலை. போட்டேன். நான் ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டேன். பண்ணுன்னாரு. பண்ணேன். ஆமென்னு சொன்னாரு. அப்புறம், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு, மழை வருதான்னு கேப்போம்னாரு. கேட்டோம். சாயங்காலம் மழைன்னு சொன்னான். தெக்கு வயல் நனைஞ்சுருமேன்னாரு."

"நனைஞ்சுதா?" என்றாள் தீனா.

"நனைஞ்சுது."

தீனா தலையை மெல்ல ஆட்டினாள். "என் கோழியும் நனைஞ்சுது அன்னைக்கு. சரியாத்தான் சொல்லியிருக்கான்."

"சிரிக்கிற விஷயமா இது?" என்றாள் லீஸ்பெத்.

"நான் எங்க சிரிச்சேன்? நீ எழுதுனது அழகா இருந்துச்சு, லீஸ்பெத். நானும் அழுதேன். ஆனா சுவத்துல ஒரு அட்டை தொங்குதே, அதுல மொதல்ல என்ன எழுதியிருக்கு? நற்பேரு கடைசியில வருது. தூயது நடுவுல வருது. மொதல்ல எது?"

லீஸ்பெத் கத்தியை எடுத்தாள், வழித்தாள். அழுத்தி வழித்ததில் குடல் கிழிந்தது. கிழிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆமென்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னாரு," என்றாள் ஜஸ்டினா.

"நல்லாக் கேட்டியா?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

"வெளிச்சத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

"வெயிலு கண்ணுல அடிக்குதுன்னாரு. தொப்பியை வச்சு மறைச்சேன்."

லீஸ்பெத் எழுந்து போய் அண்டாவைக் கிண்டினாள். முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் கிண்டினாள். போதகரின் மனைவி அழுதால் பிள்ளைகள் பார்க்கக் கூடாது. திரும்பி வந்தபோது முகம் கொழுப்பாவியில் மினுங்கியது.

"ஞாயித்துக்கிழமை சபை முன்னால நின்னு சொல்லணும் நேட்டா. நான் எங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசுறேன், ஆனா சொல்லத்தான் வேணும். கொஞ்ச காலம் திருவிருந்துக்கும் நிறுத்தி வைப்பாங்க."

"சொல்றேன்க்கா."

"அந்த ரெண்டு பக்கத்தையும் கிழிச்சுருவோம். நாப்பது பிரதியிலயும். நானே கிழிக்கிறேன்."

"நான் வரேன் கூட," என்றாள் தீனா.

மத்தியானம் எல்லோரும் மாட்டுக்கொட்டகைக்குள் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள். வறுத்த கொழுப்புத் துணுக்கு, விலாவெலும்பு, உருளைக்கிழங்கு, சிரப் ஊற்றிய ரொட்டி. பேச்சு தணிந்திருந்தது. மனைவி காதில் எதையோ சொன்னதும் போதகர் முள்கரண்டியை வைத்துவிட்டு நேட்டாவைப் பார்த்தார். திட்டவில்லை. பார்வை ஒரு வழியாக மேசைத் துணிக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் தான் கேட்ட கேள்வி இரண்டும் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். சாப்பிட்டு எழுந்தபோது, "ரொட்டி நல்லா இருந்துச்சும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றரைக்குள் சாசேஜ்கள் புகையறையில் தொங்கின. பன்றிக்கால்கள் உப்பில் கிடந்தன. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஊர் இன்று மாலைக்குள் பேச ஆரம்பித்துவிடும். இஸ்பிராண்ட் மோட்சத்தில் இருக்கிறானா என்று அடுக்களைக்கு அடுக்களை கேட்டுக்கொள்வார்கள். நேட்டா அதை யோசித்தாள். யோசித்தும் ஒன்றும் ஆகவில்லை. மரத்த பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

தாயும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். அண்டாவின் அடியில் ஒட்டியதைச் சுரண்ட வேண்டும். ஆளுக்கொரு பக்கம் குனிந்து சுரண்டினார்கள்.

"இன்னொண்ணும் சொன்னாரு," என்றாள் ஜஸ்டினா.

"யாரு?"

"அப்பா. அவங்க முன்னால சொல்லல."

நேட்டா சுரண்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இந்தப் பெண் பேச்சை விட்டுவிடுவாளோ என்று இருந்தது. "சொல்லு."

"நீ வயல்ல ஓடிட்டிருந்த. அவரு தலையைத் திருப்ப முடியாம கண்ணை மட்டும் அந்தப் பக்கமா வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. வானிலை முடிஞ்சதும் நான் ரேடியோவ அணைச்சேன். அப்பச் சொன்னாரு. உங்கம்மா வெறுங்காலோட ஓடுறா பாரு, அறுத்த கோதுமைத் தாளு குத்துமேன்னாரு. நான் போய் செருப்புக் குடுத்துட்டு வரவான்னேன். வேண்டாம், அவ நிக்க மாட்டான்னாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. ரோட்டையே பாத்துட்டு இருந்தாரு."

நேட்டா கரண்டியை அண்டாவுக்குள் விட்டுவிட்டாள். அன்று அடுக்களைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தவள் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்திருந்தாள். மறுநாள் நாத்தனார் அவள் பாதங்களை மடியில் வைத்து ஊசியால் ஒவ்வொரு சிம்பாக எடுத்தபோது, யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்துச்சாம்மா?" என்றாள் ஜஸ்டினா.

"குத்துச்சு," என்றாள் நேட்டா. "ரெண்டு காலுலயும் குத்துச்சு." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.